'செந்தழல் மலரின் பாடல்': 1919 மௌனப்படம் இருக்கும்போது 1956 படத்தையும் பார்க்க வேண்டுமா?

பார்க்கலாம், ஆனால் மௌனப்படத்துக்கு அப்புறம்.

கதை பின்லாந்து எழுத்தாளர் யோஹன்னஸ் லின்னன்கோஸ்கி 1905இல் எழுதிய நாவலிலிருந்து வருகிறது. பெரிய பண்ணை வீட்டுப் பிள்ளை ஒலோஃப், நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் சரியான மைனர். வேலைக்காரப் பெண்ணைக் காதலித்ததில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறான். வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோகும் கூட்டத்தில் சேர்கிறான். போகிற ஊரெல்லாம் ஒரு காதல். அவனிடம் மசியாத ஒரே பெண் கில்லிக்கி. பின்னால் நகரத்து விலைமாதர் விடுதியில், முன்பு தான் காதலித்துவிட்டு வந்த பெண்ணையே எதிரில் பார்க்கிறான். அந்த இடத்தில்தான் கதைக்குக் கனம் வருகிறது.

சுவீடனில் இதை மூன்று முறை படமாக்கினார்கள்: 1919, 1934, 1956. முதல் படம் இயக்குநர் மௌரிட்ஸ் ஸ்டில்லருடையது. ஒற்றை மரக்கட்டையில் நின்றபடி, ஒலோஃபாக நடித்த லார்ஸ் ஹான்சன் ஆற்றுச் சுழிப்பில் இறங்கும் காட்சி நிஜ ஆற்றில் எடுத்தது. நூறு வருஷம் கழித்தும் வயிற்றைக் கலக்குகிறது. அந்த மௌனப்படத்துக்கென்றே இசை எழுதியவர் ஆர்மஸ் யார்னெஃபெல்ட், இசைமேதை சிபேலியுஸின் மைத்துனர். முடிந்தால் அந்த இசையோடு உள்ள பிரதியைத் தேடுங்கள்.

சரி, அப்படியானால் 1956 எதற்கு? இயக்குநர் குஸ்தாஃப் மோலாண்டருக்காக. ஹெல்சிங்கியில் பிறந்தவர். 1919 படத்தின் திரைக்கதையை ஸ்டில்லரோடு சேர்ந்து எழுதியவரும் இவரேதான்! முப்பதை எட்டிய வயதில் எழுதிய கதையை, 37 ஆண்டு கழித்து, அறுபதைத் தாண்டிய பிறகு தானே இயக்குகிறார். இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இது தெரிந்து பார்த்தால் படமே வேறாகத் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஒலோஃபாக வரும் யார்ல் குல்லே, முந்தைய ஆண்டுதான் சுவீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் படமொன்றில் பொறாமை பிடித்த பிரபுவாகக் கலக்கியவர். வசீகரத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் வாயைத் திறந்தால் மரம் தள்ளுகிற ஆளாக நம்ப முடியவில்லை. நாடக மேடை எட்டிப் பார்க்கிறது. ஆற்றுக் காட்சியிலும் ஸ்டில்லரை நெருங்க முடியவில்லை என்பேன்.

கில்லிக்கியாக வரும் அனிதா பியோர்க்குக்காக இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். 1951இல் 'மிஸ் ஜூலி' படத்தில் அசத்தியவர். ஒலோஃபின் பசப்பு தன்னிடம் செல்லாது என்பதை ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுகிறார். இங்கே மட்டும் மௌனப்படத்தைவிட இதற்கே என் ஓட்டு.

நாவல் கிடைத்தால் திருமணத்துக்குப் பிந்தைய பகுதிகளை விட்டுவிடாதீர்கள். பழைய காதல்களின் நிழல் குடும்பத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதை லின்னன்கோஸ்கி நிதானமாக எழுதியிருக்கிறார். 1919 படம் ஜோடி சேர்ந்ததும் முடிந்துவிடும்.