மடக்கு கோல் போஸ்ட்: உங்கள் கேள்விகள், பட்டறைக்காரன் பதில்கள்

கோவையில் பேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். பள்ளிகளுக்கும் டர்ஃப்களுக்கும் கழற்றி, மடக்கி எடுத்துப் போகிற கோல் போஸ்ட் செய்து கொடுப்பதுதான் இப்போது பாதி வேலை. கேள்வி இருந்தால் போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். விலை கேட்டவர்கள் உங்கள் ஊர்ப் பட்டறையிலேயே கேளுங்கள், பைப் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

பி.இ.டி. மாஸ்டர், பொள்ளாச்சி: சார், 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்தில் ஒரு ஜோடி வேண்டும். நாலு மூலையிலும் கீல் போட்டால் மடங்கிவிடும் என்கிறார் எங்கள் வெல்டர். சரியா?

மடங்காது சார், பாதியில் முட்டிக்கொள்ளும். இரண்டு போஸ்ட்டும் சேர்ந்தால் 4 மீட்டர், அவை படுக்கவேண்டிய கிராஸ்பார் (மேலே குறுக்கே வரும் பைப்) 3 மீட்டர்தான். ஒன்று படுத்த பிறகு அடுத்தது அதன்மேல் ஒரு மீட்டர் ஏறும். அதனால் ஒரு பக்கக் கீலைப் போஸ்ட்டின் தடிமன் அளவுக்கு, அதாவது 80 மி.மீ., கீழே தள்ளி வைக்கவேண்டும். கிராஸ்பாரோடு அந்த அளவுக்கு ஒரு குட்டைத் துண்டை வெல்டு செய்து, அதன் அடியில் கீல். அப்போதுதான் ஒன்றின்மேல் ஒன்று சமமாகப் படுக்கும். ஹாக்கிக்கும் இதே தொல்லை உண்டு: 2.14 மீட்டர் போஸ்ட் இரண்டு, 3.66 மீட்டர் பார். பெரிய ஃபுட்பால் கோலில் மட்டும் 2.44 மீட்டர் போஸ்ட் இரண்டும் 7.32 மீட்டர் பாருக்குள் தாராளமாக அடங்கிவிடும்.

இன்னொன்று. கீல் ஆணி மூலையின் உள்பக்கம் இருக்கட்டும், கொண்டி வெளிப்பக்கம். நிமிர்த்தியதும் போஸ்ட்டின் தலை பாரின் அடிப்பக்கத்தில் பொருந்தி உட்காரவேண்டும். எடையை அந்த முகம் தாங்கவேண்டும், ஆணி தாங்கக்கூடாது. ஆணி தாங்கினால் ஒரு சீசனில் துளை முட்டை வடிவமாகிவிடும், பிறகு கோல் நாள் முழுக்கக் கடகடவென்று ஆடும். கொண்டிக்கு டிராக்டர் ஸ்பேர் கடையில் கிடைக்கும் லிஞ்ச் பின் (வளையத்தால் பூட்டிக்கொள்ளும் ஊசி) போதும். ஒரு சங்கிலியில் கோத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் மாதமே தொலையும்.

அதே ஊர், வேறொருவர்: ஃபுட்சாலுக்கும் (ஐவர் ஃபுட்பால்) ஹேண்ட்பாலுக்கும் ஒரே கோல் போதுமா?

போதும். இரண்டுக்கும் உள் அளவு 3×2 மீட்டர், போஸ்ட் அகலம் 8 செ.மீ. ஹேண்ட்பாலுக்குச் சதுர பைப்பும், இரண்டு நிறப் பட்டை பெயின்ட்டும் கட்டாயம்.

கோச், திருப்பூர்: அண்ணா, எங்கள் வண்டி சின்ன யானை. 3 மீட்டர் பார் வெளியே நீட்டுகிறது. நடுவில் வெட்டி ஸ்லீவ் (இரண்டு துண்டையும் சேர்க்க உள்ளே செருகும் குழாய்) போடலாமா?

அந்த வண்டியின் தொட்டி ஏறக்குறைய ஏழடி. நீட்டத்தான் செய்யும். ஆனால் தம்பி, பார் அதிகமாக வளைய முயல்வது நடுவில்தான், பையன்கள் தொங்குவதும் அங்கேதான். இணைப்பைக் கொஞ்சம் ஓரமாக, 1.1 மீட்டரில் வைத்தால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒருவன் சரியாக அந்த இணைப்பிலேயே தொங்கினால், நடுவில் தொங்கும்போது நடுவில் வரும் வளைவு விசையில் நூற்றுக்கு 93 பங்கு அங்கேயும் வரும். பெரிய லாபமில்லை. எங்கே வெட்டினாலும் உள் ஸ்லீவ் முழு பலத்தோடு இருக்கவேண்டும், பக்கத்துக்கு 200 மி.மீ. குறையக்கூடாது.

என்னைக் கேட்டால் வெட்டாதீர்கள். கேபினுக்கு மேலே ஒரு கேரியர் அடித்து, மடக்கிய கோலை அப்படியே அதில் ஏற்றுங்கள். இணைப்பு ஒவ்வொன்றும் ஆட்டத்துக்கு வழி. 150 மி.மீ. உள்ளே போகும் ஸ்லீவில் அரை மி.மீ. லூஸ் இருந்தால், 2 மீட்டர் தள்ளி அது ஏறக்குறைய 7 மி.மீ. ஆட்டமாகத் தெரியும்.

ஒரு அப்பா, ஈரோடு: என் மகன் பயிற்சிக்குப் போகும் இடத்தில் கோல் முன்பக்கம் கவிழ்ந்தது. நல்லவேளை யாருக்கும் அடியில்லை. 'எடை வைத்தால் சரியாகிவிடும்' என்கிறார்கள். எவ்வளவு எடை?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மடக்கு கோலில் உயிர் போகிற விஷயம் இது ஒன்றுதான்.

அலுமினியத்தில் 3×2 கோல், ஆழம் (முன் போஸ்ட்டிலிருந்து பின்கம்பி வரை) ஒரு மீட்டர். முன் ஃபிரேம் மட்டும் 17 கிலோ பக்கம், பின்பக்கக் கம்பிகள் எல்லாம் சேர்த்து 9 கிலோ. கோல் கவிழ்வது முன் போஸ்ட்டின் அடியைச் சுற்றித்தான். முன் ஃபிரேமின் எடை கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே இருப்பதால் கவிழாமல் பிடிக்க அது உதவாது. பின்கம்பிகள் மட்டும்தான் பிடிக்கின்றன. அவற்றில் சில பாதி வழியிலேயே இருப்பதால், எல்லாம் கூட்டினால் 7 கிலோ எடையை ஒரு மீட்டர் பின்னால் வைத்த பலம். அப்படியானால் 2 மீட்டர் உயரத்தில் கிராஸ்பாரை முன்பக்கம் இழுக்க எவ்வளவு வேண்டும்? மூன்றரை கிலோ. ஒரு குழந்தை கையால் இழுத்தாலே போதும்.

சும்மா தொங்கினால் எடை நேர்கீழே போகும், கோல் நிற்கும். ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கும்போதுதான் முன்னிழுப்பு வருகிறது. அதனால்தான் 'நேற்றுவரை நன்றாக நின்றதே' என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

பின்கம்பியில் 40 கிலோ மணல் மூட்டை வைத்தால் அந்த மூன்றரை, இருபத்து மூன்றரை ஆகும். இது போதுமா? பெரிய ஃபுட்பால் கோலுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 748, கிராஸ்பாரை 1100 நியூட்டன் விசையில் முன்னிழுத்துப் பார்க்கச் சொல்கிறது. அது சுமார் 112 கிலோ. நம் சின்ன கோலுக்கும் அதையே அளவுகோலாக வைத்தால், பின்னால் 217 கிலோ வேண்டும்! ஆனால் ஆழத்தை ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரையாக்கினால் 143 கிலோ போதும். ஆக, எடையைவிட ஆழம் மலிவு. பின்கம்பி மடங்குவதாக இருந்தால் அதை நீளமாகவே வைக்கலாம், வண்டியில் இடம் அடைக்காது. மடக்கு கோலில் இந்த அனுகூலத்தை யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை.

மண் தரையாக இருந்தால் எடையை மட்டும் நம்பாமல், பின்கம்பியைத் தரையோடு பிடிக்க ஆணியும் அடியுங்கள். அந்த இடத்தில் இதெல்லாம் செய்யவில்லையென்றால், செய்யும்வரை மகனை அனுப்பாதீர்கள்.

டர்ஃப் உரிமையாளர், சேலம்: செயற்கைப் புல்லில் ஆணி அடிக்கமுடியாதே?

அடிக்கவே கூடாது, புல்லும் அடிமட்டமும் நாசமாகும். பின்கம்பியையே தடித்த பைப்பாக வைத்து உள்ளே இரும்புச் சட்டம் செருகுங்கள், அதற்கு மேல் மூட்டை. 20 லிட்டர் தண்ணீர் கேனில் தண்ணீர் 20 கிலோ, காய்ந்த மணல் 32 கிலோ. மணல்தான் லாபம். ஆனால் கேனைச் சும்மா வைத்தால் பையன்கள் உட்காரத் தூக்கிப்போவார்கள், கம்பியோடு பூட்டிவிடுங்கள்.

ஹாக்கி ஆட்டக்காரர், கோவில்பட்டி: எங்கள் கரிசல் மண்ணில் கோடையில் அடித்த ஆணி மழையில் கையோடு வருகிறது.

வரும். கரிசல் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் களியாகும். நேர் ஆணி இரண்டிலும் நிற்காது. திருகாணி மாதிரி சுற்றுத் தகடு வைத்த ஆங்கர் போடுங்கள், மழை விட்டதும் இழுத்துப் பாருங்கள். ஹாக்கியில் உங்களுக்கு ஒரு வசதி: 46 செ.மீ. உயரப் பின்பலகையும் பக்கப் பலகைகளும் எப்படியும் வேண்டும். எடை தானாகவே பின்னால் சேர்ந்துவிடுகிறது. பலகையைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் ஃபிரேமை மைதானத்தில் நிறுத்தாதீர்கள்.

கல்லூரி மாணவர், திருச்சி: ஜி.ஐ.யா அலுமினியமா?

ஒரு வருடத்தில் எத்தனை முறை தூக்கப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு அங்குல ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு), லைட் ரகம், மீட்டருக்கு 4 கிலோ சொச்சம். 80 மி.மீ. சதுர அலுமினியம், 3 மி.மீ. தடிமனில், இரண்டரை கிலோ. தினமும் தூக்கினால் அலுமினியம்.

வெல்டிங்கில் கவனம். 6063 டி6 என்ற ரக அலுமினியத்தை வெல்டு செய்தால் அந்த ஓரம் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழக்கும். மூலைகளில் வெல்டைத் தவிர்த்து, தடித்த பிளேட்டும் போல்ட்டும் போடுங்கள். ஜி.ஐ. என்றால் வெல்டு செய்யும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முதலில் அரைத்து எடுக்கவேண்டும். பூச்சோடு வெல்டு செய்தால் வரும் புகையைச் சுவாசித்த வெல்டருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

தூத்துக்குடியிலிருந்து: கடற்காற்றுக்கு?

அலுமினியத்தோடு இரும்பு போல்ட் நேராகத் தொடக்கூடாது, உப்புக்காற்றில் அலுமினியம் அரித்துப்போகும். ஸ்டெயின்லெஸ் போல்ட், நடுவே நைலான் வாஷர்.

ஃபுட்பால் ரசிகர், சென்னை: சதுர பைப்பா, உருண்டையா? ஆட்டம் மாறுமா?

மாறும்! 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதி, கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க். செயின்ட் எத்தியென் அடித்த பந்து இரண்டு முறை சதுர கிராஸ்பாரில் பட்டு வெளியே வந்தது. பயர்ன் மியூனிக் 1-0. உருண்டையாக இருந்திருந்தால் உள்ளே போயிருக்கும் என்று பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் புலம்புகிறார்கள். ஃபுட்பால் விதியில் சதுரம், செவ்வகம், உருண்டை, நீள்வட்டம் எல்லாம் செல்லும், 12 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். பட்டறைக்காரனாகச் சொன்னால் கீல் வைக்கச் சதுரம் சுலபம். முனைகள் மட்டும் ரவுண்டாக இருக்கும் பைப்பாகப் பாருங்கள்.

இல்லத்தரசி, மதுரை: தம்பி, மொட்டைமாடியில் பிள்ளைகளுக்கு பி.வி.சி. பைப்பில் செய்யலாமா?

செய்யலாம் அக்கா. ஆறடி அகலத்துக்கு மேல் வேண்டாம், பார் தொங்கிவிடும். வெயிலில் கிடந்தால் பைப் மொரமொரவென்று உடையும், நிழலில் எடுத்து வையுங்கள். டெண்ட் கம்பி மாதிரி ஃபைபர் குச்சியில் வரும் கோல் இன்னும் நல்லது, விழுந்தாலும் அடிபடாது.

ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி, கோவை: வலை மாட்ட இரும்புக் கொக்கி வெல்டு செய்தாயிற்று. பிரச்சினையா?

எடுத்துவிடுங்கள். தாவும்போது மோதிரம் மாட்டினால் விரல் போகும். இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் இந்த உலோகக் கொக்கிகளை 2007-08 சீசனிலிருந்தே தடை செய்துவிட்டது. பிளாஸ்டிக் கிளிப் அல்லது வெல்க்ரோ பட்டை போதும். கீல் பக்கமும் பாருங்கள்: 8 மி.மீ.க்கும் 25க்கும் இடைப்பட்ட சந்து எங்கே இருந்தாலும் குழந்தையின் விரல் போய்ச் சிக்கும். அதைவிடக் குறைத்துவிடுங்கள், அல்லது தாராளமாக விட்டுவிடுங்கள்.

பள்ளி நிர்வாகி, நாமக்கல்: ஆட்டம் முடிந்ததும் மடக்காமல் அப்படியே விட்டுவிடலாமா? வாட்ச்மேன் இருக்கிறார்.

வேண்டாம் சார். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 2003-இல் ஒரு 6 வயதுப் பையன் மேல் கோல் விழுந்து இறந்துபோனான். 2011-இல் அந்த மாநிலம் நகர்த்தக்கூடிய கோல்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டது. மடக்கி அறையில் வைத்துப் பூட்டுவது முதல் வழி. முடியாவிட்டால் இரண்டு கோலையும் முகத்தோடு முகம் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், இல்லையென்றால் வாய்ப்பக்கம் தரையில் படும்படி கவிழ்த்துப் போடுங்கள். சாவி வாட்ச்மேனிடம் ஒன்று, பி.இ.டி. மாஸ்டரிடம் ஒன்று.