கம்பியை வளைக்க வேண்டாம்: ஹார்ட் பூட்ஸைப் பிளேட் பைண்டிங்கில் பொருத்துவது எப்படி?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். ஜனவரியில் நண்பர்களுடன் பனிச்சறுக்குக்காகக் காஷ்மீரின் குல்மார்க் செல்லவிருக்கிறேன். அதற்காக டெல்லியில் உள்ள ஒரு தரகரிடம் ஸ்னோபோர்டு என்னும் பனிச்சறுக்குப் பலகைக்கான பழைய ஹார்ட் பூட்ஸும் (கடினப் பிளாஸ்டிக் காலணி), அதை முன்னும் பின்னும் கம்பியால் பலகையோடு பிடித்துவைக்கும் பிளேட் பைண்டிங்கும் வாங்கினேன். முன்காலின் பைண்டிங் சரியாகப் பிடித்துக்கொள்கிறது. பின்காலில் மட்டும், முன்கம்பியை இறுக்கும் லீவர் இரண்டு விரலால் தள்ளினாலே மூடிக்கொள்கிறது. முழங்காலை மடக்கினால் குதிகால் மேலே எழும்புகிறது. விற்றவரிடம் கேட்டதற்கு, கம்பியைச் சற்று உள்நோக்கி வளைத்தால் போதும் என்கிறார். நண்பரின் பட்டறையில் அப்படிச் செய்துகொள்ளலாமா?

பதில்: செய்யக் கூடாது. பட்டறை நண்பர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் செய்யக் கூடாது. அந்தக் கம்பி கதவுக்கொக்கி செய்யும் சாதாரணக் கம்பியன்று. ஸ்பிரிங்கைப் போல இழுத்துப் பிடிப்பதற்கென்று பதமேற்றப்பட்ட எஃகு. அதைக் குளிர்ந்த நிலையில் வளைத்தால் வளைவின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். கேஸ் வைத்துச் சூடாக்கி வளைத்தால் பதமே போய்விடும். இரண்டில் எதைச் செய்தாலும் அது ஓசூரில் உடையாது. பனிச்சரிவின் நடுவில், நீங்கள் முழு எடையையும் ஒரு விளிம்பில் சாய்த்திருக்கும் நேரத்தில் உடையும்.

காலுக்கொரு பலகை கட்டும் ஸ்கீ விளையாட்டில் ஒரு பைண்டிங் கழன்றுகொள்வது பெரிய விபத்தன்று. குறிப்பிட்ட அளவுக்கு மேல் முறுக்கு வந்தால் பூட்ஸை விடுவித்துவிட வேண்டும் என்றுதான் அது வடிவமைக்கப்படுகிறது. பிளேட் பைண்டிங்கில் அந்த ஏற்பாடு கிடையாது. இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டப்பட்டிருக்கும்போது ஒரு கால் மட்டும் விடுபட்டால், மற்றொரு கால் அந்தப் பலகையின் எடையையும் வேகத்தையும் தனியாகத் தாங்கி முறுக்கப்படும். முழங்காலும் கணுக்காலும் போவது அப்படித்தான். ஆகவே உங்கள் குதிகால் எழும்புவது வசதிக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி, கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பலகையின் அடிப்பரப்பு கீறாமல் இருக்க இரண்டு பழைய ஸ்கூட்டர் டயர்களின் மேல் அதை வையுங்கள். இப்போது தளர்ந்திருக்கும் பின்கால் பூட்ஸை, காலை நுழைக்காமல் வெறும் பூட்ஸாகவே, முன்கால் பைண்டிங்கில் வைத்து மூடுங்கள். முன்கால் பூட்ஸைப் பின்கால் பைண்டிங்கில் வையுங்கள். தளர்ச்சி பூட்ஸோடு இடம் மாறினால் குறை பூட்ஸில் இருக்கிறது. தளர்ச்சி அதே பைண்டிங்கில் நின்றுவிட்டால் குறை பைண்டிங்கின் அமைப்பில் இருக்கிறது. உங்கள் விற்பனையாளர் இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல், கம்பியை வளைக்கச் சொன்னார் என்பதிலிருந்தே அவருக்கு இந்தப் பொருளைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தளர்ச்சி பைண்டிங்கில்தான் என்று தெரிந்தால் நிம்மதி அடையலாம். அது திருப்புளியால் தீரும் குறை. பூட்ஸின் குதிப்பக்கத்தை உட்புறமோ வெளிப்புறமோ திருப்பிப் பார்த்தால், மில்லிமீட்டரில் மூன்று இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அது அடிப்பாகத்தின் முழு நீளம். உங்கள் கால் அளவு வேறு, இந்த எண் வேறு. ஒரே கால் அளவுக்கு இரண்டு நிறுவனங்களின் பூட்ஸ் இரண்டு நீளத்தில் இருக்கும். பைண்டிங்கின் மூக்குப்பக்கக் கட்டையும் குதிப்பக்கக் கட்டையும் இந்த நீளத்துக்குத்தான் நகர்த்தி வைக்கப்பட வேண்டும். பழைய சரக்கு விற்பவர்கள் இரண்டு வெவ்வேறு ஜோடிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஒரு ஜோடி என்று விற்பது உண்டு. அதனால் முதலில் இரண்டு பைண்டிங்கிலும் முன்கம்பியின் அச்சிலிருந்து பின்கம்பியின் அச்சு வரை அளந்து ஒப்பிடுங்கள். பின்காலில் நீளம் கூடுதலாக இருந்தால், கூடுதலில் பாதியை மூக்குப் பக்கமும் பாதியைக் குதிப்பக்கமும் குறைக்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் அதிகம் என்றால் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஒரே கட்டையை ஆறும் நகர்த்தினால் பிடிப்பு கிடைக்கும், ஆனால் பூட்ஸ் பலகையின் நடுவிலிருந்து விலகி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, சாயும்போது பனியில் உராயும்.

நீளம் சரியான பிறகுதான் உயரத்துக்கு வர வேண்டும். முன் லீவரில் உள்ள திருகு, கம்பி எவ்வளவு இறுக்கமாக இறங்க வேண்டும் என்பதை நுணுக்கமாக மாற்றுவதற்கு மட்டும். பலரும் நீளத்தைத் தொடாமல் இந்தத் திருகையே முறுக்கி முறுக்கிச் சமாளிக்கிறார்கள். கடைசியில் திருகு நான்கைந்து மரையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு இறுக்கம் போதும் என்பதற்கு டிபன் கேரியரின் கொக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொக்கி பாதி வழி வரை எதிர்ப்பில்லாமல் வந்து, பிறகு எதிர்த்து, ஒரு புள்ளியைத் தாண்டியதும் தானாகவே உள்ளே விழுந்து நின்றுவிடும். பைண்டிங் லீவரும் அதே இயக்கம்தான். பாதிக்கு மேல் வந்ததும் எதிர்க்கத் தொடங்க வேண்டும்; உள்ளங்கையை வைத்து அழுத்தினால் சொடுக்கென்று விழ வேண்டும். இரண்டு விரலுக்கு மூடினால் தளர்ச்சி. காலால் மிதித்தால்தான் மூடும் என்றால் அது பூட்ஸின் விளிம்பையும் லீவரின் அச்சையும் தின்றுவிடும். வரிசையையும் மறக்க வேண்டாம்: முதலில் குதிகால் பின்கம்பிக்குள் முழுதாகச் செல்ல வேண்டும், அதன் பின்னரே முன் லீவர். மூடிய பின் கம்பிகள் இரண்டும் விளிம்பின் பள்ளத்தில் நடுவாக, ஒரு பக்கம் ஏறாமல் படிந்திருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள்.

தளர்ச்சி பூட்ஸோடு இடம் மாறியது என்றால் செய்தி அவ்வளவு நல்லதன்று. ஹார்ட் பூட்ஸின் மூக்கிலும் குதியிலும் கம்பி உட்காரும் விளிம்புகளே எல்லாவற்றையும் பிடித்துவைக்கின்றன. பெரியவர்களின் ஸ்கீ பூட்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 5355 என்ற தரநிர்ணயத்தில் முன்விளிம்பின் உயரம் 19 மி.மீ., பின்விளிம்பின் உயரம் 30 மி.மீ., ஒரு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம், என்று வரையறுக்கப்பட்டுள்ளது. ஸ்னோபோர்டு ஹார்ட் பூட்ஸும் பெரும்பாலும் இதையொட்டியே செய்யப்படுகின்றன. உங்கள் தொழிற்சாலையில் வெர்னியர் இல்லாமல் இருக்காது. இடது, வலது இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். பூட்ஸோடு தார்ச்சாலையிலும் வாகன நிறுத்துமிடத்திலும் நடந்தே அடிப்பாகத்தைத் தேய்த்துவிடுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். தேய்ந்த மூக்குக் கட்டையையும் குதிக்கட்டையையும் மட்டும் தனியாகக் கழற்றி மாற்றும்படி உங்கள் பூட்ஸ் இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் அந்தப் பூட்ஸைக் கைவிடுங்கள். எம்-சீல் வைத்து ஏற்றுவது, ரப்பர் ஒட்டுவது, எதிர்க்காலின் விளிம்பையும் சமமாகச் செதுக்கிவிடுவது போன்ற யோசனைகளைக் காது கொடுத்துக் கேட்காதீர்கள்.

இங்கே தரகர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பழைய ஸ்கீ பூட்ஸை ஹார்ட் பூட்ஸ் என்று சொல்லி விற்பது இந்த வியாபாரத்தின் முதல் தந்திரம். இரண்டும் பிளாஸ்டிக், இரண்டும் கொக்கி போட்டு மூடுபவை, புதிதாக வருபவருக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் உண்டு. ஹார்ட் பூட்ஸ் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓரளவு வளைந்து கொடுக்கும், அடிப்பாகமும் குட்டையாக இருக்கும். ஸ்கீ பூட்ஸ் பக்கவாட்டில் அசையவே கூடாது என்று செய்யப்பட்டது. 2018-இல் பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஸ்கீயில் சூப்பர்-ஜி பந்தயத்திலும், ஸ்னோபோர்டில் இணை ஜெயன்ட் ஸ்லாலத்திலும் தங்கம் வென்ற செக் நாட்டின் எஸ்டர் லெடெட்ஸ்கா கூட ஒரே பூட்ஸை இரண்டுக்கும் போட்டுக்கொள்ளவில்லை. நம் தரகர் மட்டும் எதற்கும் எதுவும் பொருந்தும் என்கிறார். அதைவிட மோசம், ரப்பர் அடிப்பாகமும் மேல்நோக்கி வளைந்த மூக்கும் கொண்ட, நடப்பதற்கு எளிதான கிரிப்வாக் வகைப் பூட்ஸையும் மலையேற்றப் பூட்ஸையும் தள்ளிவிடுவது. தட்டையான அடிப்பாகம் இல்லாத எதையும் பிளேட் பைண்டிங்கில் வைக்க வேண்டாம்.

இரண்டாம் தந்திரம், வயதை மறைப்பது. இந்த வெளிக்கூடுகள் பெரும்பாலும் பாலியூரித்தேனால் ஆனவை. அந்தப் பிளாஸ்டிக்கைக் காற்றின் ஈரப்பதம் ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் பூட்ஸ் குளிரில் பிஸ்கட் போல நொறுங்கும். வயது தெரியாத பூட்ஸின் லைனரை (உள்ளே இருக்கும் மெத்தென்ற உறை) வெளியே எடுத்துவிட்டு, கொக்கிகளின் ரிவெட்டைச் சுற்றியும் கணுக்கால் மூட்டிலும் மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அதன் கதை முடிந்தது. லைனரை எடுத்திருக்கும்போதே வெறுங்காலை வெளிக்கூட்டுக்குள் நுழைத்து, விரல்கள் முன்னால் லேசாகத் தொடும்படி நின்று, குதிகாலுக்குப் பின்னுள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் அளவு சரி. அதற்கு மேல் இரண்டரையை எட்டினால் பூட்ஸ் பெரிது. குதிகால் எழும்புவது பைண்டிங்கினால்தானா, பெரிய பூட்ஸுக்குள் உங்கள் கால் மிதப்பதாலா என்பதும் இதில் தெளிவாகிவிடும்.

முறையாக இறக்குமதி செய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். சுங்கப் பட்டியலில் ஸ்னோபோர்டு பூட்ஸ் காலணி என்று 64-ஆம் அத்தியாயத்திலும், பைண்டிங் விளையாட்டுச் சாமான் என்று 95-ஆம் அத்தியாயத்திலும் வருகின்றன. ஒரே பெட்டியில் இரண்டையும் போட்டு ஒரே வரியில் விவரம் எழுதி அனுப்பினால் பெட்டி நின்றுவிடும். பயன்படுத்திய பொருள் என்றால் தனி அனுமதி வேண்டும் என்பார்கள். ஒருமுறை எனக்கு வந்த பெட்டியைப் பல வாரங்கள் நிறுத்திவைத்து, விடுவித்துத் தருவதாகச் சொன்ன ஏஜென்ட் பொருளின் விலையில் பாதியைக் கட்டணமாக வாங்கிக்கொண்டார். அந்தத் தொகைக்கு வரி ரசீது எவ்வளவு, அவருடைய கூலி எவ்வளவு என்பதை இன்றுவரை எனக்குப் பிரித்துக் காட்டவில்லை. நாட்டின் மறுகோடியில் பனி பெய்கிறது, அதில் விளையாட அரசே போட்டிகளும் நடத்துகிறது, ஆனால் ஒரு ஜோடி பூட்ஸ் நேர்வழியில் வீடு வந்து சேர்வதற்குள் பனிக்காலம் முடிந்துவிடுகிறது. தரகர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

விதிவிலக்கு ஒன்றே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பழைய பூட்ஸ் வாங்குபவர்கள் அதில்தான் குழம்புகிறார்கள். உங்கள் பூட்ஸின் குதிக்கட்டையில் இரு பக்கமும் சிறிய எஃகு ஊசிகள் நீட்டிக்கொண்டு, அதிலிருந்து ஒரு கேபிள் காலின் மேற்பகுதி வரை செல்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இன்டெக் என்று அழைக்கப்படும் மிதித்துப் பூட்டும் வகை. மூக்கைக் கம்பிக்குள் நுழைத்துக் குதிகாலால் மிதித்தால், இரு ஊசிகளும் பைண்டிங்கின் துளைகளில் போய் உட்கார்ந்துவிடும். கேபிளை இழுத்தால் விடுபடும். இந்த ஊசிக்குதி கொண்ட பூட்ஸை உங்களிடமுள்ள சாதாரணக் கம்பிப் பைண்டிங்கிலும் பயன்படுத்தலாம், ஏனென்றால் குதிக்கட்டையில் கம்பிக்கான விளிம்பும் இருக்கும். ஆனால் இதன் மறுதலை செல்லாது: சாதாரணக் குதி கொண்ட பூட்ஸை ஊசித்துளைப் பைண்டிங்கில் வைக்கவே முடியாது. உங்கள் பின்கால் பைண்டிங் மட்டும் ஊசித்துளை வகையாக இருந்து, அதில் யாரோ ஒரு கம்பியை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அளவு எப்போதும் சேராது. மேலும் இந்த வகையில் இரண்டு ஊசியும் விழுந்தனவா என்று ஒவ்வொரு முறையும் உறுதி செய்ய வேண்டும். அடியில் பனி ஒட்டியிருந்தால் ஒரு ஊசி மட்டும் விழுந்து, சொடுக்கென்ற ஓசையும் கேட்டு, நம்மை ஏமாற்றும். கேபிளின் கைப்பிடி முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்து, பிறகு முழங்காலை முன்னும் பக்கமும் சாய்த்து இழுத்துப் பாருங்கள். குதிக்கட்டையைப் பூட்ஸோடு பிணைக்கும் திருகுகளும் நாளடைவில் தளரும்.

பைண்டிங்கைப் பலகையோடு இணைக்கும் ஸ்குருக்கள் எம்6 அளவு. அதன் மரை இடைவெளி ஒரு மில்லிமீட்டர். ஆகவே கையால் திருகும்போது எண்ணினால் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகிறது. பைண்டிங்கையும் வைத்து முடுக்கும்போது ஆறு சுற்றாவது போக வேண்டும். பைண்டிங் இறுகுவதற்கு முன்பே ஸ்குரு அடியில் முட்டினால் நீளம் அதிகம். மேலும் முடுக்கினால் பலகையின் அடிப்பரப்பு புடைத்துக்கொள்ளும். பாகலூர் சாலைக் கடைகளில் துருப்பிடிக்காத எஃகில் எல்லா நீளத்திலும் கிடைக்கும். ஸ்குரு கழலாமல் இருக்க லாக்டைட் என்னும் மரைப் பசை போடுபவர்கள், அது பிளாஸ்டிக் பாகங்களில் வழிந்தால் வெடிப்பு உண்டாக்கும் என்பதால், மரையில் மட்டும் தடவிப் பொருத்துங்கள்.

பைண்டிங் பலகையின் குறுக்கே எவ்வளவு திரும்பி நிற்க வேண்டும் என்ற கோணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும், கட்டையை நகர்த்திய பிறகு பூட்ஸின் மூக்கும் குதியும் பலகையின் விளிம்புக்கு வெளியே நீட்டவில்லை என்பதை ஒரு நேர்க்கோலை வைத்துப் பாருங்கள். நீட்டினால் கோணத்தைக் கூட்டுங்கள். முன்கால் பின்காலைவிடச் சில பாகை கூடுதலாக இருப்பது வழக்கம்.

குல்மார்க் பெயர் பெற்றது ஆழ்ந்த பொடிப்பனிக்கு. நீங்கள் வாங்கியிருப்பதோ இயந்திரத்தால் அமுக்கப்பட்ட கடினப் பனியில் கீறிக்கொண்டு செல்வதற்கானது. ஆகவே முதல் நாளிலேயே கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்தில் அபர்வத் மலை வரை ஏறிவிடாமல், கீழேயுள்ள அமுக்கிய சரிவில் இரண்டு மூன்று முறை இறங்கி, ஒவ்வொரு முறையும் லீவரைச் சோதியுங்கள். ஓசூர் வீட்டில் இறுக்கமாக இருந்த பைண்டிங் அங்கே மூடவில்லை என்றால், பெரும்பாலும் பூட்ஸின் அடியில் பனி கட்டியாக ஒட்டியிருக்கும். சுரண்டி எடுத்த பிறகே மூட வேண்டும், லீவரைத் தளர்த்தக் கூடாது. நான்கு உபரி ஸ்குருக்களையும் பொருத்தமான திருப்புளியையும் எடுத்துச் செல்லுங்கள். விமானத்தில் கைப்பையில் வைத்தால் பறிமுதலாகலாம் என்பதால், பெரிய பெட்டிக்குள் பூட்ஸோடு சேர்த்து வையுங்கள்.