புதிதாகத் திறந்த கிராஃப்ட் பீர் பாரில் முதல் நாள் எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி கேட்ட நண்பர், வீட்டருகே புதிதாகத் திறந்திருக்கும் கிராஃப்ட் பீர் (சிறு அளவில் காய்ச்சும் பீர்) பாருக்கு ஊரிலிருந்து வரும் மைத்துனரை அழைத்துச் செல்ல நினைக்கிறார். எந்த பீரை வாங்குவது, அதனுடன் எதைச் சாப்பிடுவது, விவரம் தெரியாதவர் என்று நினைத்துக் கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று மூன்று கவலைகளை எழுதியிருக்கிறார். மூன்றாவது கவலைக்காகத்தான் நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்; என் தலையிலேயே கட்டப் பார்த்தார்கள்.

குடிக்காதவரைக் குடிக்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னூட்டத்தில் அதைச் சொல்ல இரண்டு பேராவது வருவார்கள். குடியால் ஒரு குடும்பம் அழிந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்து வளர்ந்தவன் நான். மாதத்துக்கு ஒரு மாலை, இரண்டு கோப்பை என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு என் மனைவிக்கும் தெரியும். பீர் நிபுணன் என்றும் நான் சொல்லிக்கொள்ளவில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, ஒரு பால் பதனிடும் ஆலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் 23 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் வேலையில் எந்தக் கருவிக்கும் முன்னால் மூக்குதான் வரும். அதிகாலையில் கிராமங்களிலிருந்து வரும் கேன்களின் மூடியைத் திறந்து, முதல் மூச்சிலேயே இந்தப் பால் உள்ளே போகலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். இரண்டாவது மூச்சுக்குள் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

சென்ற ஆண்டு என் சகலை, மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். அப்போது ஜே.பி. நகரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில், முன்பு மரச்சாமான் கடை இருந்த இடத்தில், இப்படி ஒரு பார் திறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயர எவர்சில்வர் டேங்குகள் வரிசையாக நின்றன. எதிர்ச் சுவரில் ஒரு கரும்பலகையில் எட்டு பீர்களின் பெயர்களும் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆல்கஹால் சதவீதமும் சாக்பீஸால் எழுதப்பட்டிருந்தன. நீங்கள் முதலில் படிக்க வேண்டியது பெயரை அல்ல, அந்தச் சதவீதத்தைத்தான். கோதுமை பீர் 5 சதவீத அளவில் இருக்கும். பெல்ஜிய வகைகளில் சில 8, 9 சதவீதம் வரை போகும், ஆனால் குடிக்கும்போது அது தெரியாது. வண்டியை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே சட்டப்படி குற்றம்; அதற்கு எத்தனை கோப்பை என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதைவிட ஆட்டோக்காரருக்குக் கொடுப்பது மலிவு.

சகலைக்கு பீர் என்றால் ஊர் அரசு மதுக்கடையில் வாங்குவதுதான். அங்கே எந்த பீர் என்று கேட்டுப் பழக்கம் இல்லை, ‘கூலிங் இருக்கா’ என்று கேட்டுத்தான் பழக்கம். இங்கும் உட்கார்ந்தவுடன் அதைத்தான் கேட்டார். பரிமாறும் பையனும் ஃப்ரீசரில் வைத்து வெள்ளை பூத்திருந்த இரண்டு கண்ணாடிக் கோப்பைகளைப் பெருமையோடு கொண்டுவந்தான். அவற்றைத் திருப்பிக் கொடுத்துச் சாதாரணக் கோப்பைகளைக் கேட்டேன். அத்தனை குளிரில் நாக்கு மரத்துவிடும், மணம் மேலே எழாது. மட்டமான பீரைக் குடிப்பதற்கு அது வசதி. இருநூறு முந்நூறு கொடுத்து வாங்கும் பீருக்கு அதைச் செய்வது, பிரியாணியை ஃப்ரிஜ்ஜில் வைத்துச் சாப்பிடுவதற்குச் சமம்.

முழுக் கோப்பை வாங்குவதற்கு முன் ருசி பார்க்கக் கொஞ்சம் கேளுங்கள். இப்படிப்பட்ட பார்களில் பெரும்பாலும் மறுக்காமல் இரண்டு மடக்கு ஊற்றித் தருவார்கள், அல்லது நாலைந்து வகைகளைச் சிறு கோப்பைகளில் ஒரு பலகையில் வைத்துக் குறைந்த விலைக்குத் தருவார்கள். அதைக் கேட்பது கஞ்சத்தனம் என்று கூச்சப்பட வேண்டாம். புடவைக் கடையில் பத்துப் புடவையைப் பிரித்துப் போடச் சொல்ல நாம் கூச்சப்படுவதில்லை. நாங்கள் கோதுமை பீர், பெல்ஜிய வெள்ளை பீர், தெளிந்த பொன்னிற லாகர், கசப்பான ஐ.பி.ஏ., கறுப்பான ஸ்டவுட் என ஐந்தைக் கேட்டோம். வெளுப்பானதில் தொடங்கிக் கறுப்பானதை நோக்கிப் போக வேண்டும், ஆனால் கசப்பு மிகுந்த ஐ.பி.ஏ.வை மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தள்ள வேண்டும் என்பது என் வழக்கம். அதை முதலில் குடித்தால் பிறகு வரும் எதுவும் நாக்கில் ஏறாது.

ஜெர்மானியக் கோதுமை பீரை ஒரு வாய் குடித்த சகலை கோப்பையை உற்றுப் பார்த்தார். “என்ன சகலை, இதுல நாட்டுப்பழத்தப் பிசைஞ்சு விட்டிருக்காவளா?” என்று கேட்டார். அவர் கேட்டது தப்பில்லை. பழுத்த வாழைப்பழத்துக்கு மணம் தருகிற அதே பொருளை இந்த பீரின் ஈஸ்ட் புளிக்கும்போது தானாகவே உண்டாக்குகிறது. கொஞ்சம் கிராம்பு மணமும் அதோடு வரும். எசன்ஸ் எதுவும் சேர்ப்பதில்லை. பெல்ஜிய வெள்ளை பீரில் மட்டும் கொத்தமல்லி விதையையும் ஆரஞ்சுத் தோலையும் உண்மையாகவே போடுகிறார்கள் என்றேன். “ரசத்துக்குப் போடுத மல்லியவா?” என்று அவர் சிரித்தது மூன்று மேசைகளுக்குக் கேட்டிருக்கும். உங்கள் மைத்துனருக்கும் முதல் பீராக இந்த இரண்டில் ஒன்றையே வாங்கிக் கொடுங்கள். இரண்டிலும் கசப்பு குறைவு, காரத்துக்கும் பொருந்தும்.

மூன்றாவதாக லாகரை எடுத்தேன். கோப்பையை மூக்கருகே கொண்டுபோன முதல் மூச்சில், தியேட்டர் இடைவேளையில் பாப்கார்ன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் வெண்ணெய் வாடை அடித்தது. குடித்தால் நாக்கில் ஒரு வழவழப்பு. எனக்குச் சந்தேகமே இல்லை. அது டைஅசிடைல்; வெண்ணெய்க்கு வெண்ணெய் மணம் தருவதே அதுதான். எங்கள் ஆலையில் வெண்ணெய்க்குப் போடும் உறையில் அது நன்றாக வர வேண்டும் என்று நாங்கள் பாடுபடுகிறோம். பாலாடையில் இருக்க வேண்டியது பீரில் என்ன செய்கிறது?

பரிமாறிய பையனிடம் சொன்னேன். பாட்டிலில் அடைக்காத புதிய பீர் அப்படித்தான் மணக்கும் என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறான். மேலாளர் வந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்காமலே, நீங்கள் வழக்கமாகக் குடிப்பது பாட்டில் பீராக இருக்கும், கிராஃப்ட் பீரின் சுவை பிடிபடக் கொஞ்ச நாளாகும் என்று புன்னகையோடு சொன்னார். அந்தப் புன்னகைதான் உறைத்தது. அரைக்கை சட்டையும் ரப்பர் செருப்புமாகப் போயிருந்த இரண்டு நடுவயதுக்காரர்களிடம் அவர் பேசிய விதத்தில், பக்கத்து மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த இளைஞர்களிடம் பேசியிருப்பாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. “விடுங்க சகலை, நாலு பேரு பாக்காவ” என்றார் சகலை. நான் விடவில்லை. பீர் காய்ச்சுகிறவரை ஒரு நிமிடம் பார்க்க முடியுமா என்று கன்னடத்தில் கேட்டேன்.

டேங்க் அறையிலிருந்து முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் ஈரமான ஏப்ரனுமாக ஓர் இளைஞர் வந்தார். என்னிடம் எதையும் கேட்கவில்லை. புதுக் கோப்பை ஒன்றைத் தண்ணீரில் அலசி, குழாயிலிருந்து மூன்றில் ஒரு பங்கு பிடித்து, வாயை உள்ளங்கையால் மூடி நன்றாகச் சுழற்றி, கையை எடுத்த நொடியில் மூக்கை வைத்தார். பால் மாதிரிகளை நாங்களும் அப்படியேதான் முகர்வோம். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. பிறகு உள்ளே போய், டேங்கின் பக்கத்திலிருக்கும் சிறு வால்விலிருந்து இன்னொரு கோப்பை பிடித்துக்கொண்டு வந்து அதை என்னிடம் நீட்டினார். அதிலும் அதே வெண்ணெய். குழாய் அழுக்கினாலும் இந்த வாடை வரும்; அப்படியானால் குழாயைக் கழுவினால் தீர்ந்தது. டேங்கிலேயே இருந்தால் பீர் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

அவர் தாழ்ந்த குரலில் விளக்கினார். லாகர் குளிர்ந்த நிலையில் மெதுவாகப் புளிக்கும் வகை. புளித்து முடியும் தறுவாயில் சூட்டைச் சில டிகிரி உயர்த்தி இரண்டு மூன்று நாள் விட்டால், ஈஸ்ட் தான் உண்டாக்கிய அந்த வெண்ணெய்ப் பொருளைத் தானே திரும்ப உட்கொண்டுவிடும். அதற்குப் பிறகும் சில வாரங்கள் குளிரில் ஓய்வு கொடுக்க வேண்டும். திறப்பு விழாக் கூட்டத்தில் மற்ற வகைகள் வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்ததால், அந்த நாட்களைக் கொடுக்காமல் இந்த டேங்கைக் குழாயில் இணைக்கச் சொல்லிவிட்டார்களாம். சொன்னவர் யார் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அவருடைய பார்வை மேலாளர் பக்கம் போய்வந்தது. பிறகு அவரே போய்க் கரும்பலகையில் லாகரின் பெயரைக் கையால் அழித்தார்.

செக் நாட்டு லாகர்களில் கொஞ்சம் வெண்ணெய் மணம் இருக்கலாமே என்று கேட்கக்கூடியவர்களுக்கு: ஆமாம், இருக்கலாம், லேசாக. இது லேசாக இல்லை. அது உடம்புக்குக் கேடு என்றும் நான் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் நான்கு பேர் அதையே ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு விருப்பமும் இல்லை. நண்பருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: திறந்து இரண்டு வாரம்கூட ஆகாத கடையில் முதல் நாள் லாகர் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் தயாராகிவிடும் கோதுமை பீர் போன்றவற்றில் அவசரக் குளறுபடிக்கு வாய்ப்புக் குறைவு; ஸ்டவுட்டில் வறுத்த பார்லியின் காப்பி மணம் சிறு குறைகளை மூடிவிடும். லாகரில் மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை. வெண்ணெய், வேகவைத்த சோளம், காடி, ஈர அட்டைப்பெட்டி ஆகியவற்றின் வாடை எந்த பீரில் வந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். கோப்பையின் உள்பக்கத்தில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் கோப்பை சரியாகக் கழுவப்படவில்லை. அதையும் மாற்றித் தரச் சொல்லலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. புதுக் கடையின் மெனு எட்டுப் பக்கம் இருந்தாலும் சமையலறைக்கு நன்றாகக் கைவந்தது நாலைந்துதான் இருக்கும், அவை பெரும்பாலும் சமையல்காரரின் ஊர்ச் சமையலாக இருக்கும். எங்களுக்கு வந்த பீட்சாவை இருவரும் பாதியில் விட்டோம். காங்கிரஸ் கடலைக்காய் மட்டும் அருமை. மஞ்சளும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்த, தோல் நீக்கி இரண்டாக உடைந்த வறுத்த நிலக்கடலை அது. பெங்களூர் பேக்கரிகளில் பொட்டலமாக விற்பது. ஆனால் கறிவேப்பிலை நமத்துப்போயிருந்ததால் அது மதியமே கலந்து வைத்தது என்று தெரிந்தது. குந்தாபுரத்துக் கோழி நெய் வறுவலைக் கோதுமை பீரோடு சாப்பிட்டோம். பியாடகி மிளகாயின் சிவப்புக்குப் பயந்த அளவு காரம் இல்லை. அதே வறுவலை ஐ.பி.ஏ.வோடு சாப்பிட்டால் கசப்பும் காரமும் ஒன்றையொன்று தூக்கிவிட்டு வாய் எரியும். சகலை சோதித்துப் பார்த்துத் தண்ணீர் கேட்டார். பன்றிக்கறி உண்பவரானால், கச்சம்புளி விட்ட குடகுப் பண்டிக் கறி ஸ்டவுட்டுக்கு நல்ல ஜோடி.

பில் வந்தபோது, பெயர் அழிக்கப்பட்ட லாகரும் அதில் இருந்தது, 10 சதவீதம் சேவைக் கட்டணமும் இருந்தது. லாகரைக் கேட்டவுடன் நீக்கிவிட்டார்கள். சேவைக் கட்டணத்துக்குத்தான் கால் மணி நேரம் ஆனது. அது வாடிக்கையாளர் விருப்பப்பட்டால் மட்டும் கொடுக்க வேண்டியது, பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே நெறிமுறை வெளியிட்டது. அதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. மேலாளரோ, அந்தப் பணம் ஊழியர்களுக்குத்தான் போகிறது என்று பரிமாறிய பையனை முன்னால் நிறுத்திக்கொண்டு சொன்னார். கட்டணத்தை நீக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பையன் கையிலும் ரப்பர் பூட்ஸ் இளைஞர் கையிலும் நேரடியாகப் பணம் கொடுத்தேன். இளைஞர் வாங்க மறுத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து லாகருக்கு வாருங்கள் என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை தனியாகப் போனேன். நீங்களும் முடிந்தால் வாரநடுவில் போங்கள்; பாட்டுச் சத்தம் குறைவாக இருக்கும், கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்வார்கள். கரும்பலகையில் லாகரின் பெயர் மீண்டும் இருந்தது. ருசி பார்க்கக் கேட்டு முகர்ந்தேன்: வெண்ணெய் துளியும் இல்லை, புதிதாகப் பிட்ட ரொட்டியின் மணமும் முடிவில் லேசான பச்சிலைக் கசப்பும்தான். அரை லிட்டர் வாங்கி ஒரு மணி நேரம் வைத்துக் குடித்தேன். பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் மறுபடியும் இருந்தது.