வெடித்த கொழுக்கட்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் அயர்லாந்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். இந்தப் பிள்ளையார் சதுர்த்திக்கு முறையாகப் பூஜை செய்ய ஆசை. இங்கே எருக்கம்பூ, அருகம்புல் எதுவும் கிடைக்காது. 21 வகை இலைக்கு எங்கே போவேன்? கொழுக்கட்டையும் 21தான் வைக்க வேண்டுமா? நான் பிடித்தால் ஆவியில் வெடித்துவிடுகிறது. வெடித்ததைப் படைக்கலாமா? இந்தியக் கடையில் உறைய வைத்த கொழுக்கட்டை விற்கிறார்கள், அதை வைத்தால் குற்றமா? பிள்ளையாருக்குத் துளசி ஆகாது என்கிறார்களே, உண்மையா? போன வருடம் என் மாமியார்தான் எல்லாவற்றையும் பிடித்துக் கொடுத்தார். மாமனார் காலமான பிறகு பூஜை நேரத்தில் அவர் எழுந்து உள்ளே போய்விடுகிறார். அதனால் முறைகளை நானே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இலை, பூ விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கிடைத்ததை வையுங்கள். புறநானூற்றின் 106ஆம் பாட்டில் கபிலர், நல்லது கெட்டது எதிலும் சேராத எருக்கம்பூவே ஆனாலும், இருப்பதைக் கொண்டுவந்து கொடுத்தால் கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை என்கிறார். அப்போதே எருக்குக்குக் கடைசி வரிசைதான். குப்பைமேட்டில் முளைக்கிற அந்தப் பூ அகப்படவில்லையே என்று நீங்கள் அயர்லாந்தில் உட்கார்ந்து கவலைப்படுவதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, உங்கள்மேல் பிரியமும் வந்தது. துளசியை மற்ற நாட்களில் பிள்ளையாருக்குச் சாத்துவதில்லை. சதுர்த்தியன்று மட்டும் அந்த 21 இலைகளில் அதுவும் ஒன்று. கொழுக்கட்டைக் கணக்கு, சாப்பிடுகிறவர்களின் கணக்கு. மஞ்சளைக் குழைத்துப் பிடித்தாலும் வருகிறார், மார்கழியில் சாணத்தைப் பிடித்துப் பூசணிப்பூவைச் செருகினாலும் வருகிறார். அவரிடம் போய் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

கடைக் கொழுக்கட்டை வேண்டாம். குற்றம் ஒன்றுமில்லை. பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே இருக்கிறார், அதனால் வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தின் கடைசியில் இருப்பதற்கு வருகிறேன். அதை நீங்கள் கேள்வியாகக் கேட்கவில்லை. துளசிக்கு ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள், மாமியார் எழுந்து போவதற்கு முற்றுப்புள்ளி வைத்திருக்கிறீர்கள். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் அம்மா மண்டபத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பெண்ணைத் தனியாளாக வளர்த்துப் படிக்க வைத்தவர். அங்கிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எனக்கு என் அத்தையின் நினைவாகவே இருக்கிறது.

அத்தைக்கு முப்பது வயதாகும் முன்பே கணவர் போய்விட்டார். எங்களோடுதான் இருந்தார். சதுர்த்திக்கு முந்தின நாள் பச்சரிசியை ஊறவைத்து வடித்து, பழைய வேட்டியில் நிழலில் பரப்புவார். கையில் ஒட்டும் ஒட்டாத பதத்தில் எடுத்து இடித்துச் சலிப்பார். சல்லடையை அவர் உள்ளங்கையில் தட்டுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். மறுநாள் காலையில் கொதிக்கும் தண்ணீரில் உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டு மாவைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் பிசைந்துவிடுவார். விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும். அவர் செய்கிற கிண்ணத்தின் ஓரம் அத்தனை மெல்லிசு, வெந்த பிறகு பூரணத்தின் வெல்ல நிறம் வெளியே தெரியும். நைவேத்தியம் என்பதால் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பு முழுக்கக் கை அளவுதான்.

மணிச்சத்தம் கேட்கும்போது அத்தை கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருப்பார். யாரும் அவரைப் போகச் சொல்லி நான் கேட்டதில்லை. இருக்கச் சொல்லியும் கேட்டதில்லை. எனக்கு ஒன்பது வயது இருக்கும், ஒரு வருடம் தீபாராதனை முடிந்ததும் ஒரு கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். “சாமிக்குக் காட்டியாச்சா?” என்றார். தலையாட்டினேன். அப்புறம், “உப்பு சரியா இருக்கா?” என்று என்னைக் கேட்டார்.

விடியற்காலை மூன்று மணியிலிருந்து அடுப்படியில் நின்றவர் கேட்ட கேள்வி அது.

விதவை மறுமணச் சட்டம் 1856இல் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ நடந்துவிட்டது. சிறுவயதிலேயே கணவரை இழந்த சகோதரி சுப்பலட்சுமி 1911இல் சென்னையில் பட்டம் வாங்கினார், தன்னைப் போன்ற பெண்களுக்கு விடுதி நடத்திப் படிக்கவும் வைத்தார். நம் வீடுகளில் மட்டும் அந்தத் தூணும் துவைக்கிற கல்லும் அப்படியே இருக்கின்றன. உங்களோடு விமானத்தில் ஏறி அயர்லாந்து வரைக்கும் வந்துவிட்டன போலிருக்கிறது.

சாஸ்திரம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வரலட்சுமி நோன்பைச் சுமங்கலிகளின் நோன்பு என்கிறார்கள், அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். பிள்ளையாருக்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. பிள்ளையாருக்கு என்ன படைப்பது என்று தமிழில் ஆளுக்கு ஆள் மனப்பாடமாகச் சொல்கிற பாட்டு யாருடையது? “பாலும் தெளிதேனும் பாகும் பருப்புமிவை நாலும் கலந்துனக்கு நான் தருவேன்.” ‘நான்’ தருவேன் என்கிறவர் யார்? கல்யாணமே வேண்டாம், என்னைக் கிழவியாக்கிவிடு என்று பிள்ளையாரிடமே கேட்டு வாங்கிக்கொண்டவர் என்று கதை சொல்லும் ஔவை. புருஷன் இல்லை, தாலி இல்லை, நரைத்த தலை. பூஜை முடிகிற வரை உள்ளே போய் உட்கார் என்று பிள்ளையார் அவரிடம் சொன்னாரா? சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போய்ச் சேரும் முன்பே துதிக்கையால் தூக்கிக் கொண்டுபோய் விட்டார் என்றல்லவா கதை இருக்கிறது? அந்தப் பாட்டையும் நீங்கள் சொல்வீர்கள், அதே நேரத்தில் உங்கள் வீட்டு ஔவை உள்ளறையில் உட்கார்ந்து குழந்தையின் சட்டையை மடித்துக்கொண்டிருப்பார்.

அவராகத்தான் போகிறார் என்று மட்டும் எழுதாதீர்கள் அம்மா. என் அத்தையும் தானாகத்தான் போனார்.

வெடிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தேபோனேன். மாவு காய்ந்தால் வெடிக்கும், ஈரத்துணி போட்டு மூடிவைத்து எடுங்கள். பூரணம் நீர்த்திருந்தாலும் வெடிக்கும், பாகு வற்றிச் சுருண்டு வரட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் ஆவியில் விடாதீர்கள். வெடித்ததையும் தாராளமாகப் படைக்கலாம். தண்ணீர் அளவை என்னிடம் கேட்காதீர்கள், அரிசிக்கு அரிசி மாறும். மாமியாருக்குத் தெரியும். கற்பூரத் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். வாங்கமாட்டேன் என்பார், பின்னால் நகர்வார், கண் கலங்கும். நீங்களும் விடாதீர்கள். அதற்குள் கொழுக்கட்டை ஆறிப்போகும், போகட்டும்.