ஸ்கோர் ஷீட்டில் இல்லாத கட்டம்

அன்புள்ள சார்,

என் மகன் கல்லூரி கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். டிஃபன்ஸ் மட்டும்தான். ஒரு ஆட்டத்தில் நாலு புள்ளி எடுத்தால் பெரிது. கேட்டால், அமெரிக்காவின் NBA லீக்கில் டெட்ராய்ட் அணிக்கு ஆடிய பென் வாலஸைக் காட்டுகிறான். தேடிப் பார்த்தேன். சராசரி 5.7 புள்ளி. ஃபவுலுக்காக யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்கு 41. போதாததற்கு, 2004இல் களத்தில் நடந்த பெரிய அடிதடியிலும் இருந்திருக்கிறார். இவரை எப்படி, தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்? மகனை ஷூட்டிங் பழகச் சொல்லவா?

ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு வாரமாக வாலஸின் பழைய ஆட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரியான நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

அடிதடியை விடுங்கள். எதிரணியின் ஆர்டெஸ்டைத் தள்ளினார், 6 ஆட்டத் தடை வாங்கினார், தீர்ந்தது.

"தேடிப் பார்த்தேன்" என்கிறீர்கள். எதைத் தேடினீர்கள்? புள்ளியை. 2002, 2003, 2005, 2006 என்று நான்கு முறை ஆண்டின் சிறந்த டிஃபன்ஸ் ஆட்டக்காரர் விருது வாங்கியவர்; அது மட்டும் கண்ணில் படவில்லை. வாழ்நாளில் எடுத்த புள்ளி 6,254, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்த ரீபவுண்ட் 10,482. வேலை எங்கே நடந்திருக்கிறது என்று இதிலேயே தெரிகிறதே!

அலபாமாவில் ஒயிட் ஹால் என்ற சிற்றூர். பதினோரு பிள்ளைகளில் பத்தாவது. அண்ணன்மார் பொடியனுக்குப் பந்தைக் கொடுப்பார்களா? வேண்டுமென்றால் ரீபவுண்ட் எடு, இல்லையென்றால் பிடுங்கு. NBA ஆட்டக்காரர் சார்லஸ் ஓக்லியின் பயிற்சி முகாமுக்கு 50 டாலர் கட்ட, தலைக்கு 3 டாலர் என்று முடிவெட்டிச் சேர்த்த பையன். அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1996இல், ஒரு அணியும் எடுக்கவில்லை. 2000இல் நட்சத்திர ஆட்டக்காரர் கிராண்ட் ஹில் டெட்ராய்ட்டை விட்டுப் போனபோது ஈடாக வந்த இருவரில் ஒருவர். 2004இல் அதே டெட்ராய்ட், ஷாக்கில் ஓ'நீல், கோபி பிரையன்ட் என்ற இரு பெரிய நட்சத்திரங்கள் இருந்த லேக்கர்ஸ் அணியை இறுதித் தொடரில் 4-1 என்று வீழ்த்தியது. கடைசி ஆட்டத்தில் வாலஸுக்கு 22 ரீபவுண்ட்.

பந்து மேலே போனதும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். வாலஸ் முதலில் பக்கத்து ஆளைப் பார்ப்பார். முழங்காலை மடக்கி, முதுகை அவர் மேல் சாய்த்து, ஓரடி பின்னுக்குத் தள்ளிவிட்டு அப்புறம்தான் பந்து. எதிராளி எறிந்த பந்தை அவர் தட்டித் தடுத்தால், அந்த பிளாக் கணக்கில் ஏறும். அவர் நிற்பதைப் பார்த்துக் கூடைப் பக்கம் வராமலே பந்தை வெளியே கொடுத்துவிடுகிறானே ஒருவன், அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பயந்து அவசரமாக எறிந்து தவறவிட்டவனை? 2004 மார்ச்சில் டெட்ராய்ட் தொடர்ந்து 5 ஆட்டங்களில் எதிரணியை 70 புள்ளிக்குள் நிறுத்தியது. எறியப்படாத பந்துகள் விட்டுப்போகிற தடயம் அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. கல்லூரியில் எனக்கு ஆட வராது. ஸ்கோர் எழுத உட்கார வைத்தார்கள். ஒரு நாள் எதிரணியின் நட்சத்திர ஆட்டக்காரனுக்கு ஆறே புள்ளி. அவனை விடாமல் ஒட்டிக்கொண்டு நின்றவன் எங்கள் பையன் ஒருவன். ஆட்டம் முடிந்து வேர்வையோடு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "என் பேருக்கு நேரே என்ன இருக்கு?" தாளைப் பார்த்துச் சொன்னேன்: "நாலு ஃபவுல்." தாளின் மேல் ஒரு சொட்டு வேர்வை விழுந்து மை பரவியது. துண்டால் ஒற்றிவிட்டுப் போய்விட்டான். அடுத்த ஆட்டத்தில் கண்ட இடத்திலிருந்தெல்லாம் கூடையை நோக்கி எறிந்துகொண்டிருந்தான். கோச் உட்கார வைத்துவிட்டார்.

அந்தத் தாளைத்தான் இப்போது நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். தகப்பன் வேறு. கோபம் வருகிறது எனக்கு.

சரி, என்ன கேட்டீர்கள்? ஷூட்டிங்கா? ஃப்ரீ த்ரோ பழகட்டும். அதில் மட்டும் வாலஸைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.