குழந்தையின் முகம் வளர வளர ஏன் இவ்வளவு மாறுகிறது? தாடை வளர்ச்சி எப்போது முடிகிறது?

தலையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பதே முதல் கேள்விக்கான பதில். மூளையைக் காக்கும் மண்டையோடு முந்திக்கொள்ள, முகமும் தாடைகளும் பிந்தி வருகின்றன. பிறந்த குழந்தையின் மண்டையோட்டுப் பகுதி முகத்தைப் போல ஏறத்தாழ 8 மடங்கு பெரிது. வளர்ந்தவர்களிடம் அது 2 மடங்கு அளவுக்கு வந்துவிடுகிறது.

மண்டையோட்டின் மேற்கூரை எலும்புகள் பெரிதும் மூளையின் வளர்ச்சிக்கு ஈடுகொடுத்தே பெரிதாகின்றன. மூளை உள்ளிருந்து தள்ளத் தள்ள, அவை சேருமிடங்களின் ஓரங்களில் புதிய எலும்பு படிகிறது. முன் உச்சிக்குழி பெரும்பாலும் 2 வயதுக்குள் மூடிவிடும். அத்துடன் தலை வளர்ச்சி முடிந்துவிட்டதாகப் பலர் நினைப்பது சரியன்று, ஏனெனில் பெரும்பாலான எலும்புப் பொருத்துகள் அதன்பின்னும் இறுகிவிடாமல் இருக்கின்றன. ஏதேனும் ஒரு பொருத்து உரிய காலத்துக்கு முன்பே இணைந்துவிட்டால், மூளை வேறு திசைகளில் இடம் தேட, தலையின் வடிவமே கோணிவிடும்.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது கீழ்த்தாடைதான். அது முன்னோக்கி நீள்வது போலத் தோன்றினாலும், எலும்பு பெரும்பாலும் பின்னால்தான் சேர்கிறது. காதுக்கு முன்னுள்ள மூட்டுமுனையிலும், அங்கிருந்து கீழிறங்கும் தாடைக்கிளையின் பின்விளிம்பிலும் எலும்பு கூடக் கூட, மூட்டு மண்டையோட்டில் பொருந்தி நிற்பதால், தாடை முழுவதுமே முன்னும் கீழுமாக நகர்கிறது. அதே வேளையில் கிளையின் முன்விளிம்பு கரைந்து, கடைவாய்ப்பற்களுக்கு இடம் விடுகிறது. 6 வயதையொட்டி முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லும், 12 வயதையொட்டி இரண்டாவதும் முளைக்க இடம் கிடைப்பது இப்படித்தான். போதிய இடம் உருவாகாதவர்களுக்கு ஞானப்பல் எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். கோபன்ஹேகனில் பணியாற்றிய பல்சீரமைப்பு ஆய்வாளர் ஆர்னே பியோர்க், தாடை எலும்பில் நுண்ணிய உலோக ஊசிகளைப் பதித்து, ஆண்டுக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார். வெளித்தோற்றத்தில் தெரிவதைவிடத் தாடை உள்ளே அதிகமாகச் சுழல்வதையும், விளிம்புகளில் எலும்பு படிந்தும் கரைந்தும் அந்தச் சுழற்சியை மறைத்துவிடுவதையும் அவர் காட்டினார்.

தாடைகளின் அகல வளர்ச்சி முதலிலும், நீள வளர்ச்சி அடுத்தும், உயர வளர்ச்சி கடைசியிலும் அடங்குகின்றன. கீழ்த்தாடை மேல்தாடையைவிடப் பிந்தி, உடலின் உயர வளர்ச்சியை ஒட்டி வளர்வதால், பெண்களுக்குச் சற்று முன்னதாகவும் ஆண்களுக்குப் பதின்பருவத்தின் இறுதியையொட்டியும் அது தணிகிறது. இதில் பிறந்தநாளைவிட எலும்பின் முதிர்ச்சியே நம்பகமான அளவுகோல். அதனால்தான் நீண்டு துருத்தும் கீழ்த்தாடைக்கான அறுவை சிகிச்சையை, வளர்ச்சி ஓய்ந்துவிட்டதைத் தொடர் எக்ஸ்ரேக்களில் உறுதிசெய்யும் வரை பெரும்பாலும் தள்ளிவைக்கிறார்கள்.