மூக்குக்குள் போன புளியங்கொட்டை

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இந்த ஆண்டுதான் ஒன்றாம் வகுப்புக்கு வந்திருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. இதற்கு முன் நான்கு, ஐந்தாம் வகுப்புகளைத்தான் பார்த்தேன். சென்ற வாரம் ஒரே நாளில் எல்லாம் நடந்தது. காலை வழிபாட்டில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தாள்; அதைப் பார்த்து இன்னொருவனும் எடுத்தான். கணக்கு நேரத்தில் ஒரு பையன் புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டான், நல்லவேளையாகத் தும்மலில் வந்துவிட்டது. மதியம் பசை ஒட்டும் வேலையில் பெஞ்சு, சட்டை, தலைமுடி எல்லாம் பசை. கடைசியில் ஒரு சிறுமி உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பயிற்சியில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. வகுப்பில் சிரிப்பது தவறா? இவற்றைத் தவிர்க்க வழி உண்டா?

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஒன்றாம் வகுப்பில் சிரிக்காமல் பாடம் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. ‘ஆட்டுக்கு எத்தனை கால்?’ என்று கேட்டால் ‘எங்க வீட்டு ஆட்டுக்கா டீச்சர்?’ என்று கேட்கும் வயது அது. உங்களை ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அங்கெல்லாம் சிரியுங்கள். ‘என்னடா கண்ணு’ என்று பதில் சொல்லிவிட்டால் மற்ற பிள்ளைகளின் கேலி அங்கேயே நின்றுவிடும். உடம்பு சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும், அதாவது சிறுநீர், மலம், வாந்தி, மூக்குச்சளி இவற்றில், ஆசிரியர் முகத்தில் சிரிப்பும் அருவருப்பும் தெரியக்கூடாது. முப்பது பிள்ளைகளும் முதலில் பார்ப்பது ஈரத் தரையை அல்ல, உங்கள் முகத்தை. நீங்கள் சாதாரணமாக இருந்தால் அவர்களுக்கும் அது சாதாரண விஷயம்தான்.

நீங்கள் எழுதிய நான்கும் குறும்பால் நடந்தவை அல்ல. நேரமும் பொருளும் உடையும் அமைந்த விதத்தால் நடந்தவை. ஆகவே பெரும்பகுதியை முன்கூட்டியே தடுக்கலாம்.

சிறுநீரிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் குழந்தையை அதிகம் நோகடிப்பது. ஆறு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி வரைதான் கொள்ளும். காலை உணவோடு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்த பிள்ளைக்குப் பதினொரு மணி இடைவேளை ரொம்பத் தூரம். ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், எல்லோரையும் அனுப்புங்கள். ‘யாருக்கு வருது?’ என்று கேட்டால் வருகிறவன் கை தூக்க மாட்டான். விளையாட்டில் இருப்பவன் தனக்கு வருவதையே கவனிக்க மாட்டான். இரண்டிரண்டு பேராக அனுப்பினால் கழிப்பறை இருட்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் உள்ள பயம் குறையும்.

அடுத்தது கால்சட்டை. இடுப்பில் நாடா முடிச்சோ இறுக்கமான கொக்கியோ இருந்தால் அந்தச் சின்ன விரல்களால் அவசரத்தில் அவிழ்க்க முடியாது. கழிப்பறை வாசல்வரை சரியாகப் போய் அங்கே நனைத்துக்கொள்ளும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த முடிச்சால்தான் நனைத்துக்கொள்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் முதல் வேண்டுகோளாக எலாஸ்டிக் வைத்துத் தரச் சொல்லுங்கள். தினமும் நனைக்கிற பிள்ளை என்றால் மலச்சிக்கல் இருக்கிறதா என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். மலம் தேங்கிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். நல்ல பழக்கம் வந்தபிறகு திடீரென்று நனைக்கத் தொடங்கினாலோ, எரிகிறது என்றாலோ, தண்ணீர் அதிகமாகக் கேட்டாலோ மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.

நடந்துவிட்டால்? மற்றவர்களை ஒரு பாட்டோடு தாழ்வாரத்துக்கு அனுப்பிவிடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அந்த இடத்தில் உங்கள் தண்ணீர்ப் பாட்டிலைச் சாய்த்து ‘அடடா, தண்ணி கொட்டிருச்சே’ என்று சொல்லலாம். தரை முழுக்க ஒரே ஈரமாகிவிடும். பீரோவில் இரண்டு அளவுகளில் எலாஸ்டிக் கால்சட்டையும் பாவாடையும் இருக்கட்டும். நனைந்த துணியை ஒரு பையில் போட்டு முடிந்து, வேறு பேச்சில்லாமல் அம்மா கையில் கொடுத்தால் போதும். அந்தச் சிறுமியிடம் மறுநாள் இதைப் பற்றிப் பேசி மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவள் மறக்க நினைப்பதை நாமே நினைவூட்டுவதாகும். கரும்பலகை துடைக்கும் வேலையோ வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோகும் வேலையோ அவளுக்குக் கொடுங்கள்.

வாந்திக்கு வருவோம். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபின் வெறும் வயிற்றோடு வந்து வழிபாட்டில் சுருண்டு விழும் பிள்ளைகள் குறைந்திருப்பார்கள். ஆனால் கிச்சடியை அவசரமாக விழுங்கிவிட்டு மைதானத்தில் நாலு சுற்று ஓடி, உடனே வெயிலில் வரிசையில் நின்றால் வயிறு திருப்பிக் கொடுத்துவிடும். சாப்பாட்டுக்கும் வழிபாட்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் உட்கார்ந்து கதை கேட்கட்டும். சிறு வகுப்புகளை நிழல் பக்கமாக நிறுத்துங்கள்.

வாந்தி வரும்போது பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினால் வழி முழுக்கச் சிந்தும். நின்ற இடத்திலேயே முன்னால் குனியவைத்து நெற்றியைத் தாங்கிப் பிடியுங்கள். இன்னொரு கையால் மற்றவர்களைக் காற்று வரும் திசைக்கு அனுப்புங்கள். பார்வையும் வாடையும்தான் இரண்டாவது பிள்ளையின் வயிற்றைப் புரட்டுகிறது. வகுப்பு மூலையில் ஒரு டின் காய்ந்த மணல் எப்போதும் இருக்கட்டும். மேலே தூவி, அது ஈரத்தை இழுத்தபின் இரண்டு அட்டைகளால் அள்ளலாம். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். கழிப்பறைக்கு வாங்கிய ஆசிட்டை இதோடு ஒருபோதும் கலக்கக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். குழந்தை வாயைக் கொப்பளித்தபின் தண்ணீரைச் சிறுசிறு மடக்காகக் குடிக்கட்டும். ஒரே வேளையில் பலர் வாந்தி எடுத்தால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தலைமையாசிரியருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உடனே தகவல் போகட்டும், மீந்த உணவைக் கொட்டாமல் வைத்திருங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தால் மணல் டின்னைத் தேட வேண்டாம், ஆஸ்பத்திரிதான்.

பசை விஷயம் எளிது. 50 கிராம் மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் கால் லிட்டர் தண்ணீர் வருமாறு ஊற்றி, கண்ணாடி போலத் தெளியும்வரை காய்ச்சினால் முப்பது பேருக்குப் போதும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்கச் சேர்க்கும் மயில்துத்தம் விஷம், ஒன்றாம் வகுப்புப் பசையில் அது இருக்கவே கூடாது. யாராவது ஒருவர் நக்கிப் பார்ப்பது உறுதி. துத்தமில்லாத பசை மறுநாளே புளிக்கும்; அன்றன்று காய்ச்சிக்கொள்ளுங்கள். குழப்பம் வருவது பசை டப்பாவால். டப்பாவைச் சுற்ற விடாமல் இருவருக்கு ஒரு கரண்டி வீதம் பழைய அட்டையில் வைத்துவிட்டு, ‘ஆள்காட்டி விரல் மட்டும்’ என்று சட்டம் போடுங்கள். பெஞ்சுக்கு ஒரு ஈரத் துணி. பசை அதிகமானால் காகிதம் சுருங்கும், பிள்ளை அதைத் தேய்த்து நிமிர்த்தப் பார்ப்பான், அது வழுக்கிக்கொண்டு போகும், பிறகு கையைத் தலையில் துடைப்பான். இந்த வேலையை மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையில் வைத்தால் கை கழுவுவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

பல் விழுவதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த ஆண்டு நிச்சயம் வரும். ஆறு வயதையொட்டிக் கீழ் முன்பற்கள் ஆடத் தொடங்கும். சுத்தமான துணிச் சுருளைப் பத்து நிமிடம் கடிக்கக் கொடுத்தால் ரத்தம் நிற்கும். பல்லைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துவிடுங்கள், கூரைமேல் எறியக் காத்திருக்கும் பிள்ளைக்கு அது தொலைந்தால் பெரிய துக்கம்.

குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, நீங்கள் திரும்பியதும் ஜன்னல் வழியாகத் துப்புவார்கள். ஒவ்வொருவராக உங்கள் முன்னால் மென்று, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டட்டும். மெல்லத் தெரியாதவருக்கு இரண்டு கரண்டிக்கு நடுவில் நசுக்கித் தண்ணீரில் கலந்து தரலாம். காய்ச்சலோடு இருப்பவருக்கு அன்று வேண்டாம்.

பாடத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. ‘கொக்கு’ என்று சொன்னால் முதலில் க எழுதுவார்கள், பிறகு துணைக்கால் போடுவார்கள், கொம்பு நினைவுக்கு வந்ததும் இடம் இருக்கும் பக்கம் அதைச் செருகுவார்கள். காதில் முதலில் விழுவது க. கை முதலில் எழுத வேண்டியதோ கொம்பு. அந்தப் பிள்ளை சரியாகக் கேட்டிருக்கிறான் என்பதற்கு அடையாளம் அது. சிவப்பு மையால் அடிக்காமல் மூன்று பிள்ளைகளிடம் கொம்பு, க, கால் அட்டைகளைக் கொடுத்து நிற்க வையுங்கள். க முதலில் வந்து நிற்கட்டும், கொம்பு ஓடிவந்து அதன் இடப்பக்கம் நிற்கட்டும், கால் வலப்பக்கம். கொம்பு தாமதமாக வந்தால் வகுப்பே கத்தும். பிறகு கால் மட்டும் விலகட்டும், ‘கெ’ ஆகிவிடும்.

கடைசியாகப் புளியங்கொட்டை. எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களாகப் பிரிக்கிறோம். நீங்கள் அரும்புக் குழுவோடு உட்கார்ந்திருக்கும்போது மொட்டும் மலரும் பொருள்களோடு தனியாக இருக்கிறார்கள். கொட்டை மூக்குக்குப் போவது அந்த நேரத்தில்தான். தனியாக வேலை செய்யும் குழுவுக்குப் புட்டி மூடிகளும் ஐஸ் குச்சிகளும் போதும். சிறு கொட்டைகள் உங்கள் கண் முன்னால் இருக்கும் குழுவுக்கு மட்டும். ஆளுக்கு 20 எண்ணிக் கொடுத்து, 20 எண்ணி வாங்குங்கள். கொடுப்பதும் வாங்குவதும் கணக்குப் பாடம்தானே. கொண்டைக்கடலையும் பட்டாணியும் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் ஊறிப் பெருத்து இறுகிக்கொள்ளும். அதே காரணத்தால் மூக்கில் தண்ணீர் விடக்கூடாது.

போட்டுக்கொண்டால், உறிஞ்சாமல் வாயால் மூச்சுவிடச் சொல்லுங்கள். மறுபக்கத் துவாரத்தை மூடிக்கொண்டு பலமாகச் சிந்தத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் ஓரிருமுறை சிந்தட்டும். ஹேர்பின், இடுக்கி, விரல் எதுவும் உள்ளே போகக்கூடாது. வழவழப்பான கொட்டை பின்னால் நழுவி மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். வரவில்லை என்றால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பொம்மையில் இருக்கும் பொத்தான் பேட்டரி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள், இரண்டு மூன்று மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும்.

உங்கள் மாணவன் தும்மியதும் கொட்டை வந்துவிட்டது, நல்லது. ஆனாலும் அவன் அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஒன்று போட்டுக்கொண்ட பிள்ளை மறு மூக்கிலோ காதிலோ இன்னொன்றும் போட்டிருக்கலாம். வரும் நாட்களில் ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் அதைச் சாதாரணச் சளி என்று விடாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.